ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4, ஐஓ போர்டு: வாங்குவதற்கு முன் படிக்க

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டரில் பழகியவர்கள், அதையே வேறு பொருளுக்குள் பதிக்க ஏற்றபடி சுருக்கிய கம்ப்யூட் மாட்யூல் 4-க்கு (சுருக்கமாகச் சிஎம்4) வந்ததும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்டி கார்டில் ஓஎஸ் எழுதி, மாட்யூலுக்குப் போர்ட்களும் பவரும் தரும் ஐஓ போர்டின் ஸ்லாட்டில் செருகி, பவர் கொடுத்தால் திரையில் பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் தேடி ஏற்றும் நிரல்) செய்தி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கார்டை அது சீண்டவே சீண்டாது. கார்டிலும் கோளாறு இல்லை, போர்டிலும் கோளாறு இல்லை. இஎம்எம்சி (மாட்யூலிலேயே பதித்த சேமிப்புச் சிப்) உள்ள மாட்யூலில், எஸ்டி கார்டுக்குப் போக வேண்டிய இணைப்புகளை உள்ளே இருக்கும் இஎம்எம்சியே எடுத்துக்கொள்கிறது. ஐஓ போர்டில் அந்த ஸ்லாட் இருப்பது இஎம்எம்சி இல்லாத லைட் வகைக்காக.

இதே மாதிரி இன்னும் சில உண்டு. யுஎஸ்பி போர்ட் தானாக உயிர்பெறாது. பூட்லோடர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. வெளி ஆன்டெனாவை மாட்டினாலும் மாட்யூல் உள்ளே இருக்கும் ஆன்டெனாவையே பயன்படுத்தும். குறைகள் போலத் தோன்றும் இவை அனைத்தும் தெரிந்தே எடுத்த முடிவுகள். ஒரு பொருளைச் செய்து, பெட்டிக்குள் வைத்து மூடி, பத்து வருடம் யாரும் தொடாமல் ஓட வேண்டும் என்று நினைப்பவருக்காக அமைக்கப்பட்ட மாட்யூல் இது. அந்தக் கண்ணோடு பார்த்தால் அருமையான சாதனம். வீட்டு மேசையில் சின்ன கம்ப்யூட்டர் வேண்டும் என்பவருக்குக் காசும் பொறுமையும் வீண். அவர் பை 4-ஐயோ பை 5-ஐயோ வாங்கிக்கொள்வதே மேல்.

எந்த மாட்யூலை வாங்குவது

2020 அக்டோபரில் வெளிவந்த இந்த மாட்யூலில் பை 4-ல் உள்ள அதே பிராட்காம் பிசிஎம்2711 சிப்தான்: நான்கு கார்டெக்ஸ் ஏ72 கோர்கள், 1.5 கிகாஹெர்ட்ஸ். அளவு 55 x 40 மிமீ. முந்தைய கம்ப்யூட் மாட்யூல்கள் லேப்டாப் ரேம் ஸ்டிக் மாதிரி 200 பின் ஸ்லாட்டில் செருகப்பட்டன. இதில் அடிப்பக்கம் ஹிரோசே டிஎஃப்40 வகை 100 பின் கனெக்டர்கள் இரண்டு. கிகாபிட் ஈதர்நெட், பிசிஐஇ (விரிவாக்கக் கார்டுகளுக்கான பாதை) இரண்டாம் தலைமுறை ஒற்றை லேன், இரண்டு எச்டிஎம்ஐ, இரண்டு கேமரா, இரண்டு டிஸ்பிளே, 28 ஜிபிஐஓ (நிரலால் இயக்கும் பின்கள்), ஒரே ஒரு யுஎஸ்பி 2.0 ஆகியவை அந்தக் கனெக்டர்கள் வழியாக வெளியே வருகின்றன. பை 4-ல் யுஎஸ்பி 3.0-ஐத் தருவது பிசிஐஇ-யில் தொங்கும் தனிச் சிப். மாட்யூலில் அந்தச் சிப் இல்லை, பிசிஐஇ லேன் நம் கைக்கே வந்துவிடுகிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டுவதா, யுஎஸ்பி 3.0 கார்டு போடுவதா, இரண்டாவது ஈதர்நெட் எடுப்பதா என்பது நம் விருப்பம். ஆனால் மூன்றில் ஒன்றுதான்.

வெளிவந்தபோது மொத்தம் 32 வகைகள். குழம்ப வேண்டாம், மாடல் எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது. சிஎம்4 என்பதற்கு அடுத்த முதல் இலக்கம் வைஃபை: 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை. அடுத்த இரண்டு இலக்கங்கள் ரேம் எத்தனை ஜிபி. கடைசி மூன்றும் இஎம்எம்சி எத்தனை ஜிபி. 000 என்றால் லைட். ஆக சிஎம்4102016 என்றால் வைஃபை உள்ள, 2 ஜிபி ரேம், 16 ஜிபி இஎம்எம்சி மாட்யூல். ஆர்டர் போடும்போது கடைக்காரரின் விளக்க வரியை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். விளக்கத்தில் ஒன்றும் எண்ணில் வேறொன்றுமாக இருந்தால், வந்து சேர்வது எண்ணில் உள்ளதுதான்.

டெவலப்மென்ட்டுக்கு எது என்றால், குறைந்தது ஒரு இஎம்எம்சி மாட்யூலும் ஒரு லைட்டும். லைட்டில் எஸ்டி கார்டை மாற்றி மாற்றிப் போட்டு வேகமாகச் சோதிக்கலாம். விற்கப்போகும் பொருளின் பூட் நடத்தையை இஎம்எம்சி மாட்யூலில்தான் பார்க்க முடியும். இறுதிப் பொருளுக்கு 8 ஜிபி இஎம்எம்சி போதும் என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும். அப்டேட்டுக்காக இரண்டு ரூட் பார்ட்டிஷன் (ஓஎஸ் இருக்கும் பகுதி) வைக்க முடிவெடுத்த நாளில் அது போதாது. இஎம்எம்சியைப் பின்னால் மாற்ற வழியில்லை என்பதால் 16-ல் தொடங்குவது நல்லது.

ஐஓ போர்டு

160 x 90 மிமீ அளவில் பெரிய போர்டு. பவர் 12 வோல்ட், 5.5/2.1 மிமீ பேரல் ஜாக், நடுப்பின் பாசிட்டிவ். மேசை டிராயரில் கிடக்கும் பை அடாப்டர் இதற்கு ஆகாது. பிசிஐஇ ஸ்லாட்டின் 12 வோல்ட் நேரே இந்த ஜாக்கிலிருந்தே போகிறது. ஆகவே 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை மாட்டிப் பார்க்கும் ஆசையே வேண்டாம், ஸ்லாட்டில் உள்ள கார்டு போய்விடும். மாட்யூலும் ஒரு என்விஎம்இயும் மட்டும் என்றால் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம். ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் இந்தப் போர்டிலிருந்தே பவர் எடுப்பதானால் 5 ஆம்பியர் அடாப்டர் வையுங்கள்.

இந்தப் போர்டின் மிகப் பெரிய மதிப்பு கிகேட் என்ற போர்டு வரையும் மென்பொருளில் செய்த அதன் வரைபடக் கோப்புகள் முழுவதும் இலவசமாகக் கிடைப்பது. மாட்யூல் உட்காரும் நம் சொந்தப் போர்டை, அதாவது கேரியர் போர்டைச் செய்யும்போது வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு மீதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். போர்டுக்குக் கொடுக்கும் விலையில் பாதி இந்தக் கோப்புகளுக்கே தகும்.

மாட்யூலைப் பொருத்தும்போது அவசரம் கூடாது. கேரியர் போர்டில் மாட்யூலின் எல்லைக்கோடு அச்சிடப்பட்டிருக்கும். ஆன்டெனா இருக்கும் முனை எது என்று பார்த்து, நான்கு எம்2.5 திருகுத் துளைகளும் நேராக அமைகின்றனவா என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கனெக்டர்களின் மேலும் கட்டைவிரலால் சமமாக அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் 'டிக்' என்று உட்காரும். கழற்றும்போது ஒரு மூலையைப் பிடித்து நெம்பினால் கனெக்டரின் பிளாஸ்டிக் விரிசல் விடும். இரண்டு நீள விளிம்புகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். இந்தக் கனெக்டர்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 30 முறை செருகிக் கழற்றுவதுதான். நூற்றுக்கணக்கான மாட்யூல்களில் மென்பொருள் ஏற்ற வேண்டிய இடத்தில் ஐஓ போர்டையே சோதனை மேசையாக வைத்தால் ஒரே வாரத்தில் கனெக்டர் தளர்ந்து, காரணம் புரியாத கோளாறுகளாக வரும். அங்கே, மாட்யூலைக் கேரியரில் நிரந்தரமாகப் பொருத்திவிட்டுக் கேரியரின் யுஎஸ்பி வழியே எழுதுவதுதான் சரி.

இஎம்எம்சியில் ஓஎஸ் எழுதுவது

மாட்யூலை யுஎஸ்பி டிஸ்க் போலக் கணினிக்குக் காட்டி, அதில் இமேஜ் எழுதுவதுதான் முறை. ஐஓ போர்டில் பவர் இல்லாத நிலையில் ஜே2 என்ற பின் வரிசையில் 'இஎம்எம்சி பூட்டை முடக்கு' என்று எழுதியிருக்கும் முதல் இரண்டு பின்களில் ஜம்பர் போடுங்கள். மைக்ரோ யுஎஸ்பி கேபிளைக் கணினியுடன் இணையுங்கள். பிறகு 12 வோல்ட் கொடுங்கள். கேபிளிலிருந்து போர்டுக்கு பவர் வராது, அடாப்டர் கட்டாயம்.

கணினியில் ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் யுஎஸ்பிபூட் தொகுப்பு வேண்டும். லினக்ஸில் கிட், பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக், லிப்யுஎஸ்பி 1.0 டெவலப்மென்ட் பேக்கேஜ் நான்கையும் நிறுவி, தொகுப்பை அதன் சப்மாட்யூல்களோடு சேர்த்து குளோன் செய்து, மேக் கொடுத்தால் ஆர்பிஐபூட் நிரல் தயார். சப்மாட்யூல்களை விட்டுவிட்டுக் குளோன் செய்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் இல்லாமல் நிற்கும். பிறகு ரூட் உரிமையுடன் ஆர்பிஐபூட்டை '-டி' தேர்வுடன் மாஸ்-ஸ்டோரேஜ்-கேட்ஜெட்64 என்ற ஃபோல்டரைக் காட்டி இயக்குங்கள். இது மாட்யூலின் ரேமுக்குள் சிறிய லினக்ஸ் ஒன்றை ஏற்றி, இஎம்எம்சியைக் கணினிக்கு டிஸ்க்காகக் காட்டும். என்விஎம்இ மாட்டியிருந்தால் அதையும் சேர்த்தே காட்டும். பழைய கட்டுரைகளில் எந்த ஃபோல்டரும் குறிப்பிடாமல் ஓடவிடச் சொல்வார்கள். புதிய முறை அதைவிட வேகம்.

டிஸ்க் தெரிந்ததும் ராஸ்பெர்ரி பை இமேஜர் மூலம் எழுதலாம். இமேஜரிலேயே பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்எச், வைஃபை எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். 2022 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் 'பை' என்ற தயார்நிலைப் பயனர் கிடையாது. இதை நிரப்பாமல் திரையும் இல்லாமல் பூட் செய்தால் உள்ளே நுழைய வழியே இருக்காது. எழுதி முடித்ததும் பவரை நிறுத்தி, ஜம்பரை எடுத்து, மைக்ரோ யுஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டு மறுபடி பவர் கொடுங்கள். அந்தக் கேபிள் செருகியிருக்கும் வரை போர்டின் யுஎஸ்பி ஹப் துண்டிக்கப்பட்டிருக்கும். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று தேடுபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்தக் கேபிள்தான்.

இந்தக் கட்டத்தில் தவறிப்போகும் இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் நேரம் தின்னும். முதல் சந்தேகம் கேபிள்: சார்ஜ் மட்டும் செய்யும் மைக்ரோ யுஎஸ்பி கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. எல்எஸ்யுஎஸ்பி கொடுத்துப் பாருங்கள். 2711 என்று முடியும் அடையாளத்துடன் பிராட்காம் பூட் சாதனம் ஒன்று வரிசையில் வந்தால் கேபிளும் ஜம்பரும் சரி. வரவில்லை என்றால் ஆர்பிஐபூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. விர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்து செய்பவர்களுக்கு வேறு சிக்கல்: முதலில் பூட் சாதனமாகத் தெரியும் மாட்யூல், சில நொடிகளில் துண்டித்துக்கொண்டு வேறு அடையாளத்துடன் டிஸ்க்காக மீண்டும் வரும். இரண்டு அடையாளங்களுக்கும் அனுமதி கொடுக்காவிட்டால் பாதி வழியில் தொங்கும். விண்டோஸில் எழுதி முடித்ததும் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி வரும். அதை ரத்து செய்யுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். சரி என்று அழுத்தினால் எழுதியது போயிற்று. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பழைய பார்ட்டிஷன்களைத் தானாக மவுன்ட் செய்யும் வசதியை அணைத்துவிட்டு எழுதுங்கள்.

பூட் ஆகாமல் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டினால் எண்ணுங்கள். நான்கு முறை சிமிட்டி இடைவெளி விட்டால் ஸ்டார்ட் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு முறை என்றால் கெர்னல் இமேஜ் கிடைக்கவில்லை. சொந்தமாக இமேஜ் தயாரிப்பவர்களுக்கு ஏழு அடிக்கடி வரும்.

பூட்லோடர்

பை 4-ல் ஓஎஸ்ஸுக்குள்ளிருந்தே பூட்லோடரைப் புதுப்பித்துவிடலாம். இங்கே அந்த வழி இயல்பாக மூடப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பொருளின் பூட்லோடரை ஒரு சாதாரண பேக்கேஜ் அப்டேட் மாற்றிவிடக் கூடாது என்பதே காரணம், நியாயமான காரணமும் கூட. புதுப்பிக்க வேண்டுமென்றால் மறுபடி அதே ஜம்பர், அதே கேபிள். யுஎஸ்பிபூட் தொகுப்பில் ரெக்கவரி ஃபோல்டருக்குள் பூட்.கான்ஃப் கோப்பைத் திருத்தி, அங்கேயே இருக்கும் அப்டேட்-பைஈப்ராம் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, ஆர்பிஐபூட்டுக்கு அந்த ரெக்கவரி ஃபோல்டரைக் காட்ட வேண்டும். முடிந்ததும் பச்சை விளக்கு வேகமாகத் தொடர்ந்து சிமிட்டும். ஸ்கிரிப்டை ஓடவிடாமல் பூட்.கான்ஃபை மட்டும் திருத்தினால் பழைய அமைப்பே எழுதப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் ஏமாந்துபோவது எளிது.

அந்தக் கோப்பில் முக்கியமான வரி பூட் ஆர்டர். அதன் ஹெக்ஸ் எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1 என்றால் எஸ்டி அல்லது இஎம்எம்சி, 2 நெட்வொர்க், 4 யுஎஸ்பி டிஸ்க், 6 என்விஎம்இ, எஃப் என்றால் மறுபடி முதலிலிருந்து. எஃப்16 என்று வைத்தால் முதலில் என்விஎம்இ, கிடைக்காவிட்டால் இஎம்எம்சி, அதுவும் இல்லாவிட்டால் திரும்ப முதலிலிருந்து. கடைசியில் எஃப் வைக்காமல் விட்டால் ஒருமுறை தோற்றதும் அங்கேயே நின்றுவிடும். ஆளில்லாத இடத்தில் வைக்கும் கருவிக்கு அது பெரிய ஆபத்து. கூடவே பூட் யுஆர்ட் என்பதை 1 ஆக்கினால் பூட்லோடர் என்ன செய்கிறது என்பதை ஜிபிஐஓ 14, 15 பின்களில் 115200 வேகத்தில் படிக்கலாம். 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர்தான் வேண்டும், 5 வோல்ட் அடாப்டர் பின்னைச் சுட்டுவிடும். டெவலப்மென்ட் காலம் முழுவதும் இதைத் திறந்தே வைத்திருங்கள். பொருள் வெளியே போகும்போது மூடிக்கொள்ளலாம்.

ட்ரைபூட் என்ற வசதியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆனால் வாங்கத் தூண்டும் காரணங்களில் அது முதலில் வர வேண்டும். ஆட்டோபூட்.டிஎக்ஸ்டி கோப்பில் வழக்கமான பூட் பார்ட்டிஷன் எது, சோதனைப் பார்ட்டிஷன் எது என்று எழுதி வைத்தால், புதிய மென்பொருளை ஒரே ஒருமுறை மட்டும் சோதனைப் பார்ட்டிஷனிலிருந்து பூட் செய்து பார்க்கலாம். அது தோற்றால் அடுத்த ரீபூட்டில் தானாகப் பழையதற்குத் திரும்பும். தொலைவில் இருக்கும் கருவிகளுக்கு அப்டேட் அனுப்புபவர்கள் இதற்காகத் தனி பூட்லோடர் எழுத வேண்டியதில்லை. ஹார்டுவேர் வாட்ச்டாக்கையும் (கருவி உறைந்துபோனால் தானாக ரீபூட் செய்யும் வசதி) சேர்த்து வைத்தால்தான் இது முழுமை. சிஸ்டம்டியின் ரன்டைம் வாட்ச்டாக் நேரத்தை 15 நொடிக்குள் வையுங்கள். இந்தச் சிப்பின் வாட்ச்டாக் அதற்கு மேல் எண்ணாது.

கான்ஃபிக் கோப்பு

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து (2023 அக்டோபர்) கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பு பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்ஃபோல்டருக்குப் போய்விட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து பழைய இடத்தில் திருத்தினால் எதுவும் மாறாது.

யுஎஸ்பியைப் பொறுத்தவரை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மாட்யூலில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். இப்போது வரும் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இமேஜ்களில் சிஎம்4 பகுதிக்குள் ஓடிஜி மோட் 1 என்ற வரி ஏற்கெனவே இருப்பதால் பிரச்சினை தெரியாது. பில்ட்ரூட்டிலோ யாக்டோவிலோ சொந்தமாக இமேஜ் கட்டினால் அந்த வரியை நாமே சேர்க்க வேண்டும். அல்லது டிடபிள்யூசி2 ஓவர்லேயை (ஒரு ஹார்டுவேருக்கான அமைப்பைச் சேர்க்கும் கோப்பு) ஹோஸ்ட் மோடில் போடலாம். இரண்டையும் ஒன்றாகப் போட வேண்டாம்.

போர்டில் உள்ள கடிகாரச் சிப் என்எக்ஸ்பியின் பிசிஎஃப்85063ஏ, பேட்டரி சிஆர்2032. விசிறிக் கட்டுப்பாட்டுக்கு ஈஎம்சி2301. இரண்டும் 10-ஆம் ஐ2சி பஸ்ஸில் (சிப்கள் பேசிக்கொள்ளும் பாதை), முறையே 51, 2எஃப் முகவரிகளில் இருக்கின்றன. ஐ2சி-விசி என்ற அளவுருவை ஆன் செய்தால்தான் அந்த பஸ்ஸே தெரியும். பிறகு ஐ2சி-ஆர்டிசி ஓவர்லேயில் பிசிஎஃப்85063ஏ, ஐ2சி-சிஎஸ்ஐ-டிஎஸ்ஐ இரண்டையும் கொடுக்க வேண்டும். பின்னதை விட்டுவிட்டால் டிரைவர் வேறு பஸ்ஸில் தேடிக்கொண்டிருக்கும். விசிறிக்குச் சிஎம்4ஐஓ-ஃபேன் என்ற தயார் ஓவர்லே இருக்கிறது. எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்பதை அதிலேயே கொடுக்கலாம்.

வெளி ஆன்டெனாவுக்கு ஆன்ட்2 என்ற அளவுரு. இந்த ஒற்றை வரி இல்லாமல் வெளி ஆன்டெனாவை மாட்டி, உலோகப் பெட்டிக்குள் வைத்து, வைஃபை சரியில்லை என்று மாட்யூலைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

கேமராவைப் பொறுத்தவரை பை 4-ல் உள்ள தானியங்கிக் கண்டுபிடிப்பை நம்ப வேண்டாம். அதை அணைத்துவிட்டு, சென்சாரின் பெயரில் ஓவர்லே போட்டு, எந்தக் கனெக்டர் என்பதையும் சொல்ல வேண்டும். உதாரணமாக ஐஎம்எக்ஸ்219, கேம்0. ஐஓ போர்டின் கனெக்டர் 22 பின், 0.5 மிமீ இடைவெளி. பை 4-க்கு வாங்கிய 15 பின் கேபிள் பொருந்தாது, பை ஸீரோ கேபிள் பொருந்தும். போர்டின் ஜே6 பின் வரிசையில் இரண்டு ஜம்பர்களும் நெடுக்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்பிஐகேம்-ஹலோ நிரலில் கேமராப் பட்டியல் கேட்டால் ஒன்றும் வரவில்லை என்றால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றே காரணம்.

நிரல் எழுதுவது

ஜிபிஐஓவுக்குச் சிஸ்எஃப்எஸ் வழியைப் பயன்படுத்தும் பழைய நிரல்கள் இன்னும் ஏராளம். கெர்னல் 6.6-லிருந்து அங்கே எண்கள் 512-லிருந்து தொடங்குகின்றன. 17-ஆம் பின்னைத் திறக்கும் நிரல் பிழை கொடுத்தால் காரணம் இதுதான். 529 என்று மாற்றி ஒட்டுப்போடுவதைவிட லிப்ஜிபிஐஓடி நூலகத்துக்கு மாறிவிடுவது நல்லது. அதிலும் ஒரு திருப்பம்: புக்வோர்மில் இருப்பது 1.6 பதிப்பு, அடுத்து வந்த ட்ரிக்ஸியில் இருப்பது 2-ஆம் பதிப்பு. இரண்டின் சி செயற்கூறுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது; கட்டளை வரியில்கூட 2-ஆம் பதிப்பில் சிப்பின் பெயரைத் தனித் தேர்வாகக் கொடுக்க வேண்டும், ஜிபிஐஓசெட் நிரல் நாம் நிறுத்தும் வரை பின்னைப் பிடித்தபடியே நிற்கும். பழைய ஷெல் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே உறைந்துபோவது இதனால்தான்.

கணினியில் கம்பைல் செய்து மாட்யூலுக்கு அனுப்புவதானால் ஏஆர்ச்64 கிராஸ் கம்பைலர் போதும், ஆனால் ஜிலிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் சி நூலகம்) பதிப்பைக் கவனியுங்கள். உபுண்டு 24.04-ல் இருப்பது 2.39, புக்வோர்மில் 2.36. அங்கே கட்டியது இங்கே 'பதிப்பு கிடைக்கவில்லை' என்று ஓட மறுக்கும். உபுண்டு 22.04-ல் 2.35 என்பதால் அதில் கட்டியது ஓடும். இல்லாவிட்டால் டெபியன் புக்வோர்ம் கன்டெய்னருக்குள் கட்டுங்கள்.

பில்ட்ரூட்டில் இந்த மாட்யூலுக்கும் ஐஓ போர்டுக்குமான 64 பிட் டெஃப்கான்ஃபிக் தயாராகவே இருக்கிறது. யாக்டோவில் மெட்டா-ராஸ்பெர்ரிபை லேயரைச் சேர்த்து, மெஷின் பெயரை ராஸ்பெர்ரிபை4-64 என்று வைத்தால் போதும். சிறிய, விரைவாகப் பூட் ஆகும் இமேஜ் வேண்டுபவர்களுக்குப் பில்ட்ரூட் பழகச் சுலபம். பல வருடம் பராமரிக்க வேண்டிய பொருளுக்கு யாக்டோவின் சிரமம் பின்னால் பயன் தரும். எதுவாக இருந்தாலும் ரூட் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று வைத்து, எழுதும் தகவலுக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். மின்வெட்டில் இஎம்எம்சி இறப்பதைவிட ஃபைல்சிஸ்டம் கெடுவதே அதிகம். லாக் கோப்புகளை ரேமிலேயே வைத்திருங்கள்.

வேகம், சூடு, பவர்

இஎம்எம்சியின் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 100 எம்பி. எஸ்டி கார்டோடு ஒப்பிட்டால் கண்கூடான வித்தியாசம். பிசிஐஇ ஸ்லாட்டில் எம்.2 அடாப்டர் வழியே என்விஎம்இ மாட்டினால் நொடிக்கு 400 எம்பி அளவில் கிடைக்கும். ஒற்றை லேனில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, எனவே விலை உயர்ந்த எஸ்எஸ்டி வேண்டாம். ஸ்லாட் எக்ஸ்1 அளவு என்பதால் அடாப்டரும் எக்ஸ்1 ஆக இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டை இதில் ஓட்டும் முயற்சிகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது வேறு பொழுதுபோக்கு.

ஹீட்சிங்க் இல்லாமல் நான்கு கோர்களையும் முழுவீச்சில் ஓட்டினால், மூடிய பெட்டிக்குள் 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85-ல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சென்னை மே மாதத்தில், வெளியில் வைத்த பெட்டிக்குள் காற்றே 50 டிகிரியைத் தாண்டும்போது மிச்சமிருக்கும் இடைவெளி குறைவு. மாட்யூலின் சிப்புக்கும் பெட்டியின் உலோகச் சுவருக்கும் நடுவே தெர்மல் பேட் வைத்துச் சுவரையே ஹீட்சிங்க்காக்குவது விசிறியைவிட நம்பகமானது. ஆனால் மாட்யூலின் ஆன்டெனா முனை உலோகத்துக்குள் போகாதபடி பார்க்க வேண்டும், அல்லது வெளி ஆன்டெனா.

விசிஜென்கமாண்ட் நிரலில் கெட்-த்ராட்டில்ட் கேட்டால் 0 வர வேண்டும். 50000 என்றால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் குறைந்திருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் நடக்கிறது. ஐஓ போர்டில் இது அநேகமாக வராது. சொந்தக் கேரியர் போர்டில் 5 வோல்ட் பாதையைச் சன்னமாக வரைந்தவர்களுக்கு வரும். மாட்யூல் சும்மா இருக்கும்போது 400 மில்லிஆம்பியர் அளவில் எடுக்கும். சுமையில் பல மடங்கு தாவும். அந்தத் தாவலைத் தாங்கும்படி 5 வோல்ட் ரெகுலேட்டரைக் குறைந்தது 3 ஆம்பியருக்குத் திட்டமிடுங்கள்.

கேரியர் போர்டு வரைபவர்கள் மறக்கும் இன்னொன்று ஜிபிஐஓ-விரெஃப் பின். அதை மாட்யூலின் 3.3 வோல்ட் அல்லது 1.8 வோல்ட் வெளியீட்டோடு இணைக்காவிட்டால் ஜிபிஐஓ எதுவும் வேலை செய்யாது. ஐஓ போர்டில் சோதித்தபோது ஓடிய நிரல் சொந்தப் போர்டில் ஊமையாக நிற்பதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மாட்யூலின் 3.3 வோல்டிலிருந்து மொத்தம் 600 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. செல்லுலார் மோடம் போன்றவற்றுக்குத் தனி ரெகுலேட்டர் வையுங்கள். மாட்யூலுக்கு பவர் வருவதற்கு முன் வெளிச் சாதனம் எதுவும் ஜிபிஐஓ பின்னில் வோல்டேஜைத் தள்ளக் கூடாது. பாதைகளின் இம்பீடன்ஸ் யுஎஸ்பிக்கும் பிசிஐஇக்கும் 90 ஓம், எச்டிஎம்ஐ, ஈதர்நெட், கேமரா பாதைகளுக்கு 100 ஓம். நான்கு லேயருக்குக் குறைந்த போர்டில் இதைச் சாதிக்க நினைக்க வேண்டாம்.

மாட்யூல் 5 வந்த பிறகும் இது தேவையா

2024 நவம்பரில் கம்ப்யூட் மாட்யூல் 5 வந்தது. அதே 55 x 40 மிமீ, அதே கனெக்டர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் ஏ76 கோர்கள், இரண்டு யுஎஸ்பி 3.0. வேகத்தில் ஒப்பீடே இல்லை. கேமராவில் படம் எடுத்து அங்கேயே அலசும் கருவி, கனமான டிஸ்பிளே வேலை என்றால் யோசிக்காமல் 5-க்குப் போகலாம். ஆனால் அது அதிக மின்சாரம் குடிக்கும், அதிகம் சூடாகும்; ஜிபிஐஓ இப்போது ஆர்பி1 என்ற தனிச் சிப்பின் வழியே போவதால், பிசிஎம்2711 ரெஜிஸ்டர்களை நேராகத் தொட்டு எழுதிய பழைய நிரல்கள் அங்கே ஓடாது. சென்சார் படித்து, நெட்வொர்க்கில் அனுப்பி, சின்னத் திரையில் காட்டும் கருவிக்கு 4 போதும், விசிறியும் வேண்டாம். 2034 ஜனவரி வரையாவது இதைத் தயாரிப்போம் என்று ராஸ்பெர்ரி பை அறிவித்திருக்கிறது.

அதே கனெக்டரில் பொருந்தும் மற்ற நிறுவனங்களின் மாட்யூல்களும் சந்தையில் உண்டு; பைன்64-ன் சோக்வார்ட்ஸ், ராட்எக்ஸாவின் சிஎம்3 இரண்டும் ராக்சிப் ஆர்கே3566-ல் ஓடுபவை. 2021-லிருந்து 2023 வரை சிஎம்4 எங்கும் கிடைக்காமல் போன காலத்தில் பலர் அவற்றைத் தேடிப்போனார்கள். பின்கள் பெரும்பாலும் பொருந்தும். மேலே சொன்ன கான்ஃபிக் வரிகள், ஓவர்லேக்கள், ஆர்பிஐபூட், ட்ரைபூட் எதுவும் அங்கே இல்லை, டிவைஸ் ட்ரீயை (கெர்னலுக்கு ஹார்டுவேரை விவரிக்கும் கோப்பு) நாமே எழுத வேண்டும். மாற்று ஏற்பாடாக ஒன்றைக் கையில் வைத்திருக்க நினைப்பவர்கள், கேரியரை வரையும்போதே அவற்றின் பின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரே பணியைச் செய்யும் பின்களை மட்டும் பயன்படுத்துங்கள். போர்டு அச்சாகி வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.